வருகைக்குத் தேதி குறிக்காதீர்கள்

2025 செப்டம்பரில் எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர், இயேசு தனக்குத் தரிசனமாகி, அந்த மாதம் 23, 24 தேதிகளில் தம் சபையை, அதாவது விசுவாசிகளை, பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ள வருவதாகச் சொன்னார் என்று பேசுகிறார். உலகம் முழுக்கப் பரவிய வீடியோ அது. இரண்டு நாள் கழித்து குழுவில் இருக்கும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட 25தான் கடைசி நாள், கட்டவா வேண்டாமா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு பயம்.

நானும் இயேசுவின் இரண்டாம் வருகையை நம்புகிறவன்தான். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் மனதாரச் சொல்கிறேன். அதனால்தான் இந்தத் தேதி குறிக்கிற வேலையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவிட்டார். மத்தேயு 24ல் இருக்கிறது, ஒளித்து வைத்த வசனம் இல்லை.

தேதி சொன்னவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. வில்லியம் மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து விவசாயி, பாப்டிஸ்ட், வேதத்தை வசனம் வசனமாக வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர். தானியேல் 8:14ல் வரும் 2300 இராப்பகலை 2300 வருடம் என்று வைத்து, கி.மு. 457லிருந்து எண்ணி, 1843 வாக்கில் வருகை என்றார். 1844 மார்ச்சும் தாண்டியபோது அவர் இயக்கத்தில் இருந்த சாமுவேல் ஸ்னோ, யூதர்களின் பாவநிவாரண நாளைக் கணக்கிட்டு 1844 அக்டோபர் 22 என்று குறித்தார். மில்லர் முதலில் தயங்கினார், கடைசி வாரங்களில்தான் ஏற்றுக்கொண்டார். அறுவடைக் காலம் அது, விளைந்த வயலை அப்படியே விட்டுவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு, கடையைச் சாத்தியவர்கள் உண்டு. அன்று இரவெல்லாம் காத்திருந்து, பொழுது விடியும் வரை அழுததை ஹிராம் எட்சன் என்ற விசுவாசி எழுதி வைத்திருக்கிறார். (வெள்ளை அங்கி உடுத்திக்கொண்டு கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று சொல்வதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, அவர்களைக் கேலி செய்யக் கட்டிய கதை.) அதன்பிறகு பலர் சபையை விட்டே போனார்கள். மிஞ்சியவர்களில் ஒரு சாராரிடமிருந்து 1863ல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை உருவானது. கணக்கு தப்பிவிட்டது என்று ஒப்புக்கொண்ட மில்லர், 1849ல் கண்ணை மூடும்வரை வருகையை எதிர்பார்த்தே இருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த அழுகைக்கு யார் பதில் சொல்வது?

எக்காளம், மேகம், ஆகாயத்தில் சந்திப்பு என்று கன்வென்ஷன் மேடைகளில் பயமுறுத்த எடுக்கும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4. தெசலோனிக்கே சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம், அது. எழுதியது ஏறக்குறைய கி.பி. 50ல், துக்க வீட்டுக்காரர்களுக்கு. நம்மில் இறந்துபோனவர்கள் அவர் வருகையைக் காணாமலே போய்விடுவார்களோ என்று அந்தப் புது விசுவாசிகள் கலங்கியிருந்தார்கள். அவர்களுக்குத்தான், மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், அப்புறம்தான் நாம் என்று எழுதி, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். இரண்டாம் நிருபத்தில், நாள் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள் என்கிறார். வேலை வெட்டி இல்லாமல் சுற்றியவர்களைக் கண்டிப்பதும் அதே நிருபத்தில்தான்.

எங்கள் ஆச்சியை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் மண் போடுவதற்கு முன் எங்கள் சபை ஐயர் வாசித்தது அந்த 4ஆம் அதிகாரம்தான். அதுவரை வாயே திறக்காமல் நின்ற அப்பா, பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் கையைப் பிடித்து, "அப்போ அம்மதான்டே நமக்கு முந்தி எந்திப்பா" என்றார்.

இதைத்தான் அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எங்க அம்மாவும்தானே தம்பி?" என்று கேட்டார். ஆமாக்கா என்றேன். மறுநாள் காலையில் ஃபீஸ் கட்டிய ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.