புலி கொன்ற யானை

சில நாள்களுக்கு முன் நன்னூலின் பாயிரத்தை மறுபடியும் புரட்டிக்கொண்டிருந்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் போன ஒன்று திடீரெனப் பட்டது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் அடுக்கும் இடத்தில் ‘மாறுகொளக் கூறல்’, ‘மயங்க வைத்தல்’ என்னும் இரண்டும் இருக்கின்றன. முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வதும், படிப்பவர் இதுவா அதுவா என்று ஐயுறும்படி எழுதுவதும் கூடாது என்பது அதன் பொருள். ஆனால் அதே பாயிரத்தில், சில அடிகள் தள்ளி, நூலாசிரியர் கையாளத்தக்க 32 உத்திகளைச் சொல்லும்போது ‘இரட்டுற மொழிதல்’ என்பதையும் அவரே சேர்த்துவிடுகிறார். ஒரு தொடர் இருபொருள் தருவது ஓரிடத்தில் குற்றம், மற்றோரிடத்தில் உத்தி. மாறுகொளக் கூறாதே என்று சொன்னவரே மாறுகொளக் கூறிவிட்டாரோ என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்படியில்லை என்பது சற்று நேரம் கழித்தே விளங்கியது. இரட்டுற மொழிகிறவர் இரண்டு பொருளையும் அறிந்தே வைக்கிறார். இரண்டுக்கும் தாமே பொறுப்பேற்கிறார். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகம் ‘பற்பட்டால் மீளாது’ என்கிறார். பாம்பின் பல் மனிதன்மேல் பட்டால் மனிதன் மீளான்; மனிதனின் பல் பழத்தின்மேல் பட்டால் பழம் மீளாது. யாருடைய பல், யார்மேல் பட்டது என்று சொல்லாமல் விட்டதில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. ஆனால் அந்த விடுபடல் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஒரு பொருளை எடுத்துவிட்டால் பாட்டே சரிந்துவிடும். மயங்க வைப்பவரோ எந்தப் பொருளுக்கும் பொறுப்பேற்பதில்லை. கேட்டால், ‘நான் அதைச் சொல்லவில்லை, இதைத்தான் சொன்னேன்’ என்று நழுவிக்கொள்ள அவருக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறது.

செய்தது யார், பட்டது யார் என்னும் இந்த மயக்கத்தைத் தொல்காப்பியம் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்பது அதன் பெயர். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘புலி கொன்ற யானை’. புலியைக் கொன்ற யானை என்றும் கொள்ளலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் கொள்ளலாம். இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் அங்கே வந்து மயங்குவதற்குத் தடையில்லை என்று விதி சொல்லிவிட்டு, அடுத்த நூற்பா, உணரக்கூடியவர்கள் அங்கே வேற்றுமையைத் தெரிந்துகொள்வார்கள் என்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பகுதிதான். இலக்கணம் தன் எல்லையைத் தானே ஒப்புக்கொண்டு, மீதியை அறிந்தவர் கையில் ஒப்படைக்கும் இடம் அது. பின்னால் வரும் சொல் யானை ‘வீழ்ந்தது’ என்று சொன்னால் ஒரு பொருள், ‘பிளிறியது’ என்று சொன்னால் வேறு பொருள். செத்த யானை பிளிறாது என்பதை எந்த நூற்பாவும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கணினிக்கு அதைச் சொல்லித் தரவேண்டியிருந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு தொடங்கிய காலத்திலேயே, 1960இல், பார்ஹில்லெல் என்னும் அறிஞர் இதையே ஒரு தடையாக எடுத்துக்காட்டினார். அவர் தந்த ஆங்கிலத் தொடர், பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது என்பது. ‘பென்’ என்றால் பேனா. குழந்தை விளையாடுவதற்கான சிறு அடைப்புக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். பொம்மைப் பெட்டி பேனாவுக்குள் இருக்க முடியாது என்று தெரிந்துகொள்ள அகராதி போதாது. பெட்டி எவ்வளவு பெரியது, பேனா எவ்வளவு சிறியது என்ற உலக அறிவு வேண்டும். அந்த அறிவை இயந்திரத்துக்கு ஊட்ட முடியாது, ஆகவே மனிதத் துணையில்லாத உயர்தர மொழிபெயர்ப்பு நடக்காது என்பது அவர் வாதம். இன்றைய மென்பொருள்கள் இத்தகைய தொடர்களைப் பெரும்பாலும் சரியாகவே கையாளுகின்றன. அவை பேனாவைத் தொட்டுப் பார்த்ததில்லை. கோடிக்கணக்கான தொடர்களில் எந்தச் சொல் எதனோடு வருகிறது என்பதைப் பார்த்து, அதிலிருந்து ஊகிக்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊகிப்பதில் தவறில்லை, நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் தான் ஊகித்ததை இயந்திரம் சொல்வதில்லை. ‘புலி கொன்ற யானை’ என்பதை முன்னும் பின்னும் எதுவுமின்றி ஒரு மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்துப் பார்த்தேன். யானையைக் கொலையாளியாக்கி ஒரே விடையைத் தந்தது, தடுமாற்றத்தின் சுவடே இல்லாமல். பழைய உரையாசிரியராக இருந்தால் ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார். அந்த ஒரு வரியின் அருமை அன்றுதான் தெரிந்தது. ஆண்பால் பெண்பால் வேறுபாடில்லாத துருக்கியச் சுட்டுப்பெயரை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மருத்துவர் என்றால் ஆண், செவிலியர் என்றால் பெண் என்று தானே முடிவுசெய்துகொண்டிருந்த கூகுள் மொழிபெயர்ப்பு, 2018இன் இறுதியில் இரண்டு வடிவங்களையும் அருகருகே காட்டத் தொடங்கியது. நம் ‘அவர்’ என்ற சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. தெரியாததைத் தெரியாததாகவே காட்டுவதும் மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி என்று அங்கே ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முரணுக்கு வருகிறேன். ‘நான் சொல்வது பொய்’ என்ற பழைய புதிரை வேடிக்கைப் பேச்சாக மட்டும் நினைத்திருந்தவர்களுக்கு, 1931இல் கோடெல் என்னும் கணித அறிஞர் அதன் சாயலிலேயே, தன்னை நிறுவ முடியாது என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஒரு கூற்றைக் கணிதத்துக்குள் கட்டிக் காட்டினார். 1936இல் கணினியியலின் முன்னோடியான டூரிங், எந்தக் கணக்கிடும் முறையாலும் விடை காண முடியாத வினாக்கள் உண்டு என்று நிறுவியதும் தன்னையே சுட்டும் உத்தியால்தான். கணினி பிறப்பதற்கு முன்பே அதன் எல்லை ஒரு முரணின் வழியாகத் தெரிந்துவிட்டது. இதைப் பற்றி விரித்தால் பவணந்தியாரின் இன்னொரு குற்றமான ‘மற்றொன்று விரித்தல்’ ஆகிவிடும்.

அன்றாட வாழ்வில் வரும் முரண்கள் இவ்வளவு தூய்மையானவை அல்ல. காமத்துப்பாலில், மற்றப் பிணிகளுக்கு மருந்து வேறாக இருக்க, இவள் தந்த நோய்க்கு இவளே மருந்து என்று ஒருவன் வியக்கும் குறள் ஒன்று உண்டு: ‘தன்நோய்க்குத் தானே மருந்து’. 2018இல் ஆப்பிளும் கூகுளும், கைபேசியில் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்று கணக்குக் காட்டி அதைக் குறைத்துக்கொள்ள உதவும் வசதிகளைக் கைபேசிக்குள்ளேயே அறிமுகப்படுத்தியபோது, எனக்கு அந்தக் குறள்தான் நினைவுக்கு வந்தது. கையிலிருந்து கீழே வைக்கும்படி சொல்வதற்கும் அதையே கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. குறளில் வரும் காதலன் அந்த முரணை மகிழ்ந்து அனுபவிக்கிறான். நோயும் மருந்தும் ஒரே இடத்திலிருந்து வருவதை அவன் அறிந்தே பேசுகிறான். கைபேசிக்காரன் பெரும்பாலும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

முரணைவிட மயக்கமே இன்றைய வாழ்வில் அதிகம் என்று நினைக்கிறேன், அதுவும் நாம் படிக்காமல் ஒப்புதல் தரும் நீண்ட விதிமுறைகளில். தமிழில் வரும் அத்தகைய அறிக்கைகளில் ‘-லாம்’ என்ற ஈறு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘உங்கள் தரவைப் பிறருடன் பகிரலாம்’ என்றால், பகிர வாய்ப்பிருக்கிறது என்பதா, பகிர எங்களுக்கு அனுமதி உண்டு என்பதா? ‘மழை பெய்யலாம்’ என்பதில் உள்ள ‘-லாம்’ ஒன்று, ‘உள்ளே வரலாம்’ என்பதில் உள்ள ‘-லாம்’ வேறொன்று. படிப்பவர் முதலாவதாக எடுத்துக்கொண்டு மனம் ஆறுகிறார். எழுதியவர் தேவை வரும்போது இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார். இது காளமேகத்தின் சிலேடையன்று, ஏனெனில் இரண்டாவது பொருள் வெளிப்படும்போது படித்தவருக்கு இன்பம் வருவதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருபொருள் தருமானால், அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே கொள்ள வேண்டும் என்ற பழைய நெறி ஒன்று பல நாடுகளின் சட்டங்களில் உண்டு. மயங்க வைத்தவரே மயக்கத்தின் விலையைக் கொடுக்கட்டும் என்ற அந்த நெறியைப் பவணந்தியார் மறுக்கமாட்டார் என்று தோன்றுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்த வழக்குமன்றம் வரை போக வேண்டும். அவ்வளவு தூரம் போகிறவர்கள் எத்தனை பேர்?

நேற்று என் கைபேசி ஒரு செயலியைப் புதுப்பிக்கச் சொன்னபோது, வழக்கத்துக்கு மாறாக விதிமுறைகளைப் படித்தேன். ‘பகிரலாம்’, ‘சேமிக்கலாம்’, ‘மாற்றலாம்’ என்று வரிசையாக வந்தன. எந்த ‘-லாம்’ எந்தப் பொருளில் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே போய், பதினோராவதில் விட்டுவிட்டேன். கடைசியில் இருந்த பொத்தானில் ‘ஏற்கிறேன்’ என்று மட்டும் இருந்தது.