குழாயடிக்கு எதுக்குப் போறது?

“குடம் தூக்கலீன்னா அப்புறம் குழாயடிக்கு எதுக்குக் கண்ணு போறது?”

வலியோடு என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த அந்த அம்மா இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். பதில் சொன்னதாக நினைவில்லை. வெளியே அடுத்த டோக்கன் காத்திருந்தது. பயிற்சித் தாளில் ‘குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள்’ என்ற இரண்டு வரிக்கும் அடிக்கோடு போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். வயது 68. முதுகெலும்பில் டி ஸ்கோர், அதாவது எலும்பு அடர்த்தி ஸ்கேனில் வரும் எண், மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்கு வந்தாலே எலும்புப்புரைதான், எலும்பு மெலிந்து எளிதில் உடையும். ஒரு முள்ளெலும்பு ஏற்கெனவே லேசாக அமுங்கியிருந்தது. போதாததற்குச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்கேனில் தெரிவதைவிட எலும்பு பலவீனமாகவே இருக்கும். படிக்கும்போது எங்கள் தலையில் ஏற்றிய 1984 ஆய்வு ஒன்று உண்டு: எலும்புப்புரை உள்ள பெண்களில், முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு மேற்கொண்டு முள்ளெலும்பு அமுங்கியது, பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களுக்கு 16 சதவீதம். மொத்தமே 59 பேர், சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த 89 மறக்காது. நிறைகுடத்தைக் குனிந்து எடுத்து இடுப்பில் வைக்கிறவரிடம் வேறென்ன சொல்வது?

மூன்று மாதம் கழித்து மருமகளோடு வந்தார். பத்துக்கு ஏழாக இருந்த வலி மூன்றாகியிருந்தது. என் ஃபைலைப் பொறுத்தவரை நல்ல முன்னேற்றம். டயட்டீஷியனின் ஃபைல் வேறு சொன்னது. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ.யிலிருந்து 97. நம்மூர்ப் பெண்களுக்கு 80 தாண்டினாலே ஆபத்துக் கணக்கில் வந்துவிடும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 138-லிருந்து 171. பிரஷரும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் முன்பே அதிகம்.

“வாக்கிங் போறீங்களாம்மா?”

“எங்க போறது?”

மருமகள்தான் சொன்னார். இப்போது தண்ணீர் பிடிப்பது அவராம். முன்பெல்லாம் விடியற்காலையில் அத்தை தெருக்கோடிக்கு நாலு நடை போய் வருவாராம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் ஊர்க்கதை. “இப்ப டிவி முன்னாடியே உக்காந்துக்கறாங்க சிஸ்டர்.” (பிசியோவையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். விட்டுவிட்டேன்.)

அன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளையும் நிரப்பினோம். 26 கேள்வி. உறவு, நட்பு பற்றி மூன்றே மூன்று. அதிலும் ஒன்று தாம்பத்தியம் பற்றியது. அறுபது தாண்டியவர்களிடம் அதைக் கேட்க எங்களில் யாருக்கும் வாய் வராது. மற்ற இரண்டுக்கும் “பரவால்ல கண்ணு” என்றார். எந்தப் பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை. நடுக்கட்டத்தில் டிக் போட்டேன்.

சின்னக் குடம் எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எப்படி எடுப்பது என்று செய்து காட்டியிருக்கலாம். என் வேலையே அதுதானே. ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் எங்களுக்கு. அதில் எப்படி முடியும்? இதை எழுதும்போதே சாக்கு மாதிரித்தான் படுகிறது. ஆனால் நான் சரி என்று சொல்லி, அவர் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு என்ன எழுதிக்கொண்டிருப்பேன்? வெறும் கையோடாவது குழாயடிக்குப் போங்கள் என்று மருமகளை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் பிடிக்காதவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாராம். கூச்சமாக இருக்காதா, பாவம்.

போன வாரம் இன்னொரு அம்மா வந்தார். டி ஸ்கோர் மைனஸ் 3.1. தண்ணீர் தூக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, குழாயடி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.