எரிக்காமல் வைத்துக்கொண்ட ரசீது

2022 ஏப்ரலில் பாரிஸில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் ஒரு பழைய ரசீது 10 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போனது. பார்க்க பேங்க் செக் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஈவ் க்ளைன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1959 டிசம்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இந்த மாதிரி செய்தி வந்தாலே மாடர்ன் ஆர்ட் மொத்தமும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிடுகிறார்கள். க்ளைன் விஷயத்தில் அதை என்னால் ஏற்கவே முடியாது.

அவர் விற்றது வெற்று வெளி, அதாவது கண்ணுக்கு எதுவும் தெரியாத வெறும் இடத்தையே கலைப்படைப்பாக விற்றார். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார், தங்கமாகத்தான் கொடுக்கவேண்டும், பதிலுக்கு எத்தனை கிராம் என்று எழுதிய ரசீது தருவார். சரி, ரசீதை வைத்துக்கொள்ளலாம், வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கில் கைமாற்றியும் விடலாம். ஆனால் வாங்கியது முழுமையாகத் தன்னுடையதாக வேண்டும் என்றால் அந்த ரசீதை எரித்துவிட வேண்டும், க்ளைன் பாதித் தங்கத்தை ஆற்றில் போட்டுவிடுவார், அருங்காட்சியக இயக்குநரோ கலை விமர்சகரோ பக்கத்தில் சாட்சியாக நிற்கவேண்டும்.

மைக்கேல் பிளாங்க்ஃபோர்ட் என்ற ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் 1962 பிப்ரவரியில் சீன் நதிக்கரையில் நின்று இதைச் செய்தே காட்டினார். போட்டோக்கள் இருக்கின்றன. ரசீது எரிகிறது, க்ளைன் தங்க ரேக்கை ஆற்றுப் பக்கம் வீசுகிறார். அதோடு முடிந்தது, பிளாங்க்ஃபோர்ட் வாங்கியதை இனி எந்த ஏலக்காரரும் தொடமுடியாது. கலைச் சந்தையை இவ்வளவு விளையாட்டாகவும் இவ்வளவு தீவிரமாகவும் கேள்வி கேட்ட இன்னொருவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொன்று. ஆரம்பத்தில் விற்றதில் கிடைத்த தங்கக் கட்டிகளை அவர் 1961-ல் இத்தாலியின் காஷா ஊரில் இருக்கும் புனித ரீத்தா மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார், கையால் எழுதிய ஒரு பிரார்த்தனையோடு. ஊருக்குச் சொல்லிக்கொண்டு செய்யவில்லை, அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஏமாற்றுக்காரர் செய்கிற வேலையா இது?

ஏலத்துக்கு வந்தது பாரிஸின் பழம்பொருள் வியாபாரி ஒருவர் 20 கிராம் தங்கத்துக்கு வாங்கி, எரிக்காமல் வைத்துக்கொண்ட ரசீது. இப்போது வைத்திருப்பவருக்கு அதை எரிக்கும் ஆசை வந்தாலும் விதிப்படி செய்ய வழியில்லை, பாதித் தங்கத்தை ஆற்றில் போடவேண்டிய க்ளைன் 1962 ஜூனிலேயே 34 வயதில் இறந்துவிட்டார்.