இல்ஃபோர்டு கிரவுண்டும் கோயமுத்தூர் மாமாவும்

கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில் வீடு எடுத்தாயிற்று என்றதும் கோயமுத்தூர் மாமா போனில் கேட்ட முதல் கேள்வி: "அங்கிருந்து ஆர்சனல் கிரவுண்டு எத்தன தூரமுங்க மாப்ளே?"

தூரம் பிரச்சினையில்லை, டிக்கெட் விலைதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவன் இங்கே கிடங்கு வேலையில் நின்றிருந்தேன். வாடகை, கவுன்சில் வரி போக மிஞ்சுவதில் ஆர்சனல் அடங்காது. அதனால் கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். உள்ளூர்க் கால்பந்து கிளப்பான இல்ஃபோர்டு எஃப்.சி. ஆடும் இடம். சுற்றிலும் ஓட்டப்பந்தயத் தடம், கூட்டம் கொஞ்சம்தான். வாரம் முழுக்க வேன் ஓட்டுகிறவர்களும் வயரிங் செய்கிறவர்களும் சனிக்கிழமை இறங்கி ஆடுவார்கள். கைக்கு வருவது பெட்ரோல் காசைவிடச் சற்றுக் கூட இருக்கும், அவ்வளவுதான். ஒருநாள் எதிரணிக்காரர் ஒருவர் கழற்றிப் போட்ட ஜெர்சியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன், பழைய புத்தி. ஃபிளாட்லாக் தையலில் நூல் விட்டிருந்தது. எங்கள் செக்கிங் டேபிளைத் தாண்டியிருக்காது.

அங்கே கம்பி ஓரம் நிற்கும் பெரியவர் ஒருவர்தான் எனக்கு இந்த ஊரில் முதலில் பழக்கமானவர். எங்கள் பக்கத்தில் பாட்டிகள் உறவுமுறை சொல்வதுபோல அவர் கிளப் வரலாறு சொல்வார். 1881இல் தொடங்கியது. 1929, 1930 இரண்டு வருடமும் அமெச்சூர் கோப்பை, அதாவது சம்பளத்துக்கு ஆடாதவர்களின் கோப்பை. 1974இல் அந்தக் கோப்பையின் கடைசி இறுதிப்போட்டியில், வெம்ப்ளியில், பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டிடம் 4-1 தோல்வி. அப்புறம் நியூபரி பார்க்கில் இருந்த சொந்த மைதானம் கையைவிட்டுப் போனது. 1979இல் லெய்ட்டன்ஸ்டோன் கிளப்போடு இணைந்தார்கள். பிறகு வால்தம்ஸ்டோ அவென்யூவும் சேர்ந்தது. 1989இல் ரெட்பிரிட்ஜ் ஃபாரஸ்ட் என்று பெயர், 1992இல் டேகன்ஹாமோடு சேர்ந்து டேகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ். இதில் இல்ஃபோர்டு என்ற பெயரே காணாமல் போயிற்று. இப்படிக் கலந்துபோவதைப் பொறுக்க முடியாத சிலர் 1987இலேயே அதே பெயரில் புதுசாக ஒரு கிளப் தொடங்கியிருந்தார்கள், அடிமட்ட லீக்கில் இருந்து. என் கணக்கில் அதுதான் பெரிய காரியம்.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. நான் 1948 கதையைச் சொன்ன பிறகுதான் காது கொடுத்தார். சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் ஆடிய முதல் கால்பந்துப் போட்டி இதே கிரிக்கிள்ஃபீல்டில்தான் நடந்தது, ஜூலை 31, பிரான்ஸோடு. நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றோம்.

"ரெண்டு பெனால்ட்டியா!" என்று நேற்று நடந்ததுபோல மாமா நொந்துகொண்டார். அவருக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. 2018-19இல் இந்தியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கைச் சென்னை சிட்டி அணி ஜெயித்தபோது சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்தான். கடைசி மேட்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்ததை நேரில் பார்த்தவர். இப்போது அந்த அணி ஐ-லீக்கில் இல்லை.

"ஆடுனது நம்மூர்ல, பேரு மட்டும் சென்னைங்க. பேருல கோயமுத்தூர் இருந்திருந்தா சும்மா உட்டிருப்பமுங்களா?"

இந்த சீசனில் கேட்டில் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும் என்றார் பெரியவர். சரி என்றேன். மாமாவிடம் சொன்னதும், "சம்பளம் உண்டுங்களா மாப்ளே?"

"டீ உண்டுங்க மாமா."