தொட்டிக்கரி

காங்கேயம் பக்கத்தில், தேங்காய்த் தொட்டிக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாங்குச்சி, சிரட்டை என்பதைத்தான் நாங்கள் தொட்டி என்போம். கரியை 900 டிகிரி அளவில் சூடாக்கி நீராவியை விட்டால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். அந்தத் துளைச் சுவர்களில்தான் நச்சு ஆவி ஒட்டிக்கொள்கிறது.

சேர்ந்த புதிதில் அடர்த்தி பார்க்கும்போது, அளவுக் குழாயில் கரியை மளமளவென்று கொட்டிவிடுவேன். ஒருநாள் மூத்த கெமிஸ்ட் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, மெதுவா விடு. நடுவுல சந்து விழுந்தா அளவு தப்பும். இதே சந்து ஒரு முகமூடி டப்பாவுல விழுந்தா, விஷக்காத்து அந்த வழியாத்தான் போகும்."

முகமூடி என்றதும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அன்று ராத்திரியே தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

முதல் உலகப் போர் நேரம். 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நாலு நாள் கழித்து அதே களத்தில் இறக்கப்பட்ட இந்தியப் படையினரிடம் முகமூடியே கிடையாது. நனைத்த துணிதான். அங்கே காயம்பட்டவர்களைச் சுமந்து வந்த ஜமேதார் மீர் தஸ்துக்கு, பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பதக்கம் நல்லதுதான், ஆனால் இந்த வாயு என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அப்புறம் வந்தது மருந்தில் நனைத்த ஃபிளானல் பை. தலையோடு கவிழ்த்து, சட்டைக் காலருக்குள் செருகிக்கொள்ள வேண்டும். 1916இல் பிரிட்டிஷ் படைக்குச் சின்னப் பெட்டி முகமூடி கிடைத்தது. மார்பில் தொங்கும் கித்தான் பைக்குள் தகர டப்பா, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், மூக்குக்குக் கிளிப், பல்லால் கடித்துக்கொள்ள ஒரு வாய்த்துண்டு. டப்பாவுக்குள் இருந்தது கரியும் சுண்ணாம்பு கலந்த மணிகளும். மறு வருடம் மஸ்டர்டு வாயு வந்து தோலையே வேகவைத்தபோது, மூச்சை மட்டும் காத்தால் போதவில்லை.

அமெரிக்கர்கள் தங்கள் முகமூடிக்குத் தேடிய கரி எது தெரியுமா? தேங்காய்த் தொட்டிக்கரி! இறுகிய கரி, நுண்துளையும் அதிகம். தொட்டி போதாமல் 1918இல் பீச் பழக்கொட்டைகளையும் அக்ரூட் ஓடுகளையும் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் சேர்த்துக் கொடுத்தார்கள். சிப்பாய்க்கு அந்த டப்பாவைத் திறந்து பார்க்க வழியில்லை. எங்கோ ஒருவர் சரியாக நிரப்பியிருக்கிறார் என்று நம்பித்தான் அவன் மூச்சை இழுத்தான்.

மறுநாள் சீக்கிரமே ஆய்வகத்துக்குப் போனேன். நான் அளவு போட்ட சாம்பிள்களில் மீதியிருந்ததையெல்லாம் எடுத்து, மணி மணியாக விழும்படி விட்டு மறுபடி நிறுத்தேன். இரண்டில் எண் மாறியிருந்தது. நோட்டில் பழைய எண்ணை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கெமிஸ்ட் மேஜைக்கு எடுத்துப் போனேன்.