வலது கண் முடிந்தது, இடது கண் பாக்கி

இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட கற்றரக், அதாவது கண்புரை, ஒப்பரேசன் ஒருவழியாக முடிந்தது, வலது கண்ணுக்கு மட்டும். எனக்கு 68 வயது. நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆகவே கண்தான் எனக்குச் சோறு போட்டது. அதையே கவனிக்காமல் விட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதே வரிசையில் நிற்கப்போகிறவர்கள் பலர் இருப்பீர்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்குப் பட்டவற்றை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரவில் யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியால் சைக்கிளில் வரும்போது எதிரே வரும் மோட்டார் சைக்கிள் லைற்றைச் சுற்றி ஒரு வட்டம், மழைக்கால நிலாவுக்குக் கோட்டை கட்டினமாதிரி. கண்ணாடியைப் பிழை சொல்லி இரண்டு தரம் மாற்றினேன், காசு போனதுதான் மிச்சம். திங்கட்கிழமை பொது நூலகத்துக்குப் போய் எல்லாப் பேப்பரையும் ஒரு சுற்றுப் பார்ப்பது என் வழக்கம். அங்கே மரண அறிவித்தலில் படம் தெரியும், பெயர் தெரியாது என்ற நிலை வந்தது. எங்கள் வயதில் அந்தப் பக்கம்தானே முதல் பக்கம். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலிச் சந்தையில் புழு ஓட்டை தெரியாமல் கத்தரிக்காய் வாங்கி வந்து பேச்சு வாங்கினேன். வேட்டி எத்தனை தரம் தோய்த்தாலும் மஞ்சள் அடித்தது. வீட்டுக்காரி தோய்ப்பது சரியில்லை என்று சண்டை பிடித்து, சவர்க்காரம் நீலம் எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டு என் வேட்டியை நானே தோய்க்கத் தொடங்கினேன்.

கண் கிளினிக்குக்கு முதல் தடவை தனியே சைக்கிளில் போனது நான் விட்ட முதல் பிழை. கண்ணின் பாவை விரிவதற்குத் துளிமருந்து விட்டுத்தான் உள்ளே பார்ப்பார்கள். அது விட்டால் சில மணித்தியாலத்துக்கு வெயிலைப் பார்க்க முடியாது, கிட்ட இருக்கிற எழுத்தும் தெரியாது. பகல் பதினொன்றரைக்கு வெளியே வந்தால் தார் வீதி வெள்ளி உருக்கி ஊற்றினதுபோல் கிடக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, மதில் ஓரமாக வீடு வந்து சேர ஒரு மணித்தியாலம் ஆனது. ஆகவே ஆள் துணையோடு போங்கள், தொப்பியோ குடையோ கொண்டு போங்கள்.

இரண்டாவது பிழை என் வாயால் வந்தது. பெயர் பட்டியலில் ஏறி, சில மாதம் காத்திருந்து, ஆனி மாதத்தில் திகதியும் கிடைத்தது. அதற்கு முதல் இரத்தச் சீனி, பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்ப்பார்கள். வீட்டு வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று நிற்கிறது, அந்த வருடம் அப்படி ஒரு காய்ப்பு. ஒரு கிழமை சும்மா இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சீனி ஏறி நின்றதால், சீனி கூடினவர்களுக்குக் கிருமி தொற்றவும் புண் ஆறச் சுணங்கவும் இடமுண்டு, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு நாள் என்னோடு கதை இல்லை. மாம்பழத்தால் குடும்பத்தில் சண்டை வந்தது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் முதல் தடவை என்றும் இல்லை.

பிந்தியதில் ஒரு நன்மையும் நடந்தது. மறுபடி போனபோது இளம் டொக்டர் ஒருவர், "ஐயா, மூத்திரப் பிரச்சினைக்குக் குளிசை ஏதும் போடுறீங்களோ?" என்று கேட்டார். எனக்குக் கண்ணுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு என்று இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, பக்கத்தில் மகள் வேறு நிற்கிறாள். ஆனால் விசயம் பெரியது. புரோஸ்டேற் வீக்கத்துக்குத் தரும் டம்சுலோசின் என்ற மருந்து, பாவையைச் சுற்றியுள்ள கரும்படலத்தைத் தளர்த்திவிடுமாம். ஒப்பரேசன் நேரத்தில் அது துணிபோல் ஆடி, பாவையும் சுருங்கி, டொக்டருக்குத் தொல்லை கொடுக்குமாம். நிறுத்தினாலும் அந்தக் குணம் முழுதாகப் போகாது, ஆனால் முன்பே தெரிந்தால் அதற்கேற்ற ஆயத்தத்தோடு செய்வார்கள். நான் மூன்று வருடமாகப் போடுகிறேன், முதல் தடவை வாயே திறக்கவில்லை. வெட்கப்படாமல் போடுகிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதுவும் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை இருந்தால் கட்டாயம். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணை அளந்த இடம்தான். கண்ணின் முன்பின் நீளத்தை அளந்துதான் எந்த வலு லென்ஸ் வைப்பது என்று கணக்குப் பார்க்கிறார்கள். என் வலது கண் 23.4 மில்லிமீற்றர். அளவில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் பிறகு போடுகிற கண்ணாடியில் கிட்டத்தட்ட 2.5 பவர் பிழைக்கும் என்று அளந்த பிள்ளை சொன்னது. நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். 1:1000 படத்தில் நான் ஒரு மில்லிமீற்றர் பிழை விட்டால் நிலத்தில் ஒரு மீற்றர், யாழ்ப்பாணத்தில் அது ஒரு வேலிச் சண்டையும் இரண்டு தலைமுறை வழக்கும். இந்தப் பிள்ளை என் இனம் என்று பட்டது. அப்புறம் பயம் பாதி போய்விட்டது.

ஒப்பரேசனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மயக்குவதில்லை, கண்ணை மட்டும் விறைக்கப் பண்ணுகிறார்கள். முகத்தை மூடிவிடுவார்கள், வெளிச்சம் தெரியும், நிறங்கள் கரைந்து ஓடும், தண்ணீர் வழியும். உள்ளே மங்கிப்போன வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள்ளேயே மடித்த புது லென்ஸை விரித்துவிடுகிறார்கள். 20 நிமிடம் இருக்கும். இருமக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது என்றதும் எனக்கு உடனே இருமல் வந்தது, தேவாரத்தை மனதுக்குள் சொல்லி அடக்கினேன். அரச ஆஸ்பத்திரி என்பதால் ஓட்டோக் காசைத் தவிர வேறு பெரிய செலவு இல்லை.

உண்மையான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான். ஓய்வு பெற்றவனுக்கு நேரமே ஓடாது என்பார்கள், துளிமருந்து தந்தால் நேரம் போதாது. இரண்டு மருந்து; ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். முதல் கிழமை நாளுக்கு ஆறு தரம், பிறகு கிழமைக்குக் கிழமை குறைந்துவரும். கீழ் இமையை இழுத்துப் பிடித்து மேலே பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்காரி போத்தலைத் தூக்குவா. நான் சரியாக அந்த நேரம் கண்ணை மூடுவேன். "இஞ்சாருங்கோ, ஐஞ்சு வயசுப் பிள்ளையும் இப்பிடிச் செய்யாது" என்று நாளுக்கு ஆறு தரம் கேட்டேன். மூக்கில் விழுந்த மருந்துதான் அதிகம். படவரைஞன் அல்லவா, கடைசியில் ஒரு தாளில் கட்டம் கீறி, விட்டதும் விட்டதும் புள்ளடி போட்டு, அதைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். கையெழுத்து முத்துப்போல் வந்திருந்தது, எனக்கே ஒரு சந்தோசம்.

குனியக்கூடாது, தண்ணீர் வாளி தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, அடுப்புப் புகைக்குப் போகக்கூடாது, இரவில் பிளாஸ்ரிக் மூடி கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கண் சிவந்தாலோ நொந்தாலோ பார்வை திடீரென்று மங்கினாலோ நாள் பார்க்காமல் ஓடி வரவேண்டும் என்றும் சொன்னார்கள். இதெல்லாம் சமாளிக்கலாம். இரண்டு கிழமை தோயக்கூடாது என்றதுதான் என்னை வாட்டியது. தலையில் தண்ணீர் வார்க்காமல் நல்லூர்க் கந்தன் கோயிலுக்கு எப்படிப் போவது? ஒரு மாதம் பிந்தியதால் நல்லூர்க் கொடியேற்றம் சரியாக என் ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை கழித்து வந்தது. 25 நாள் திருவிழாவில் முக்கால்வாசியை வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்து மேளத்தைக் கேட்டுக்கொண்டு கழித்தேன். பக்கத்து வீட்டுப் பெடியன் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அப்பு, ஆரைப் பிடிக்கப் போறியள்?" என்றான்.

அதற்குள் கிளினிக்கில் பார்த்து, தோயலாம், ஆனால் சனத்துக்குள் நெரிபட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 24ஆம் நாள் தேர். விடிய முதல் தோய்ந்து, பெட்டிக்குள் இருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெளிவீதியில் ஒரு ஓரமாக வீட்டுக்காரியோடு நின்றேன். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்ப்பது இப்போது எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. கோபுரத்தின் பொன்நிறம் இரண்டு கண்ணிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பின்னால் நின்ற வானம்தான் வேறு. இடது கண்ணில் பழைய தேத்தண்ணி படிந்த கோப்பை மாதிரி, வலது கண்ணில் அப்படி ஒரு நீலம். சனத்தைப் பார்த்தேன். எங்கும் வேட்டி, எல்லாம் பளீரென்ற வெள்ளை. குனியாமல் மெல்ல என் வேட்டியைப் பார்த்தேன். வெளிர்நீலம். பள்ளிக்கூடச் சுவருக்கு அடிக்கிற நிறம்.

"இது எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"இரண்டு வருசமாச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன், நீலத்தைக் குறையுங்கோ எண்டு."

மஞ்சள் என் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஐந்து வேட்டியும் அதே நிறம். இரண்டு கலியாணத்துக்கும் ஒரு அந்தியேட்டிக்கும் இதோடுதான் போய் வந்திருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இடது கண்ணுக்குத் தை மாதம் திகதி தந்திருக்கிறார்கள். அப்போது மாம்பழம் இல்லை.