தங்க நிலைப் பயணத்துக்கு முதுகுப்பை வாங்கப் போகிறீர்களா?

இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதில் மிக உயர்ந்ததான தங்க நிலைக்குத் தயாராகிற தம்பி தங்கைகள் நம் மொரிஷியஸில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதில் பயணப் பகுதி என்றால் 4 நாள், 3 இரவு, தினமும் சராசரியாக 8 மணி நேர உழைப்பு, சாப்பாடு, டென்ட் எல்லாமே முதுகில்தான். வரைபடம், முதலுதவி இதெல்லாம் உட்கார்ந்து படித்துவிடலாம். முதுகுப்பையைத்தான் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கடைக்குப் போனதும் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கத் தோன்றும். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் வேண்டியது உங்கள் முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்து நிற்கும், அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். கைகளை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள், அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் வருகிற இடம் வரை வீட்டில் யாரையாவது தையல் டேப்பால் முதுகை ஒட்டி அளக்கச் சொல்லுங்கள். உயரத்தை வைத்து ஊகிக்கவே வேண்டாம். என் சித்தப்பா மகள் என்னைவிடக் குள்ளம், ஆனால் முதுகு அவளுக்குத்தான் நீளம், எனக்குச் சரியாக உட்கார்ந்த பையின் இடுப்புப் பட்டை அவளுக்கு வயிற்றின் மேல் ஏறி நின்றது. பாரத்தின் பெரும்பகுதியை அந்தப் பட்டைதான் தாங்க வேண்டும், தோள்கள் இல்லை. அதனால் அதன் பஞ்சுப் பகுதி இடுப்பெலும்பின் மேல் நேராக உட்காரவில்லை என்றால், பை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வெறும் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ போட்டு, முதலில் இடுப்புப் பட்டை, அப்புறம் தோள் பட்டை, அப்புறம் மேலே தோளிலிருந்து பைக்குப் போகும் சின்னப் பட்டை, கடைசியில் நெஞ்சுப் பட்டை என்ற வரிசையில் இறுக்கிக்கொண்டு கால் மணி நேரமாவது நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள். பெண்களுக்கென்று வருகிற மாடல்களில் தோள் பட்டை வளைந்து வரும், மாட்டிப் பார்ப்பது நல்லது.

முதுகுக்கும் பைக்கும் நடுவில் வலை இழுத்துக் கட்டிய மாடல் நம் ஊர் வேர்வைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அது பாரத்தை முதுகிலிருந்து தள்ளி வைக்கிறது, மக்காபே காட்டிலிருந்து பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பக்கம் செங்குத்தாக இறங்கும்போது பை பின்னுக்கு இழுக்கும். ஒரு நாள் நடைக்குச் சரி, நான்கு நாள் பாரத்துக்கு முதுகோடு ஒட்டி இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

இனி லிட்டர். கொண்டுபோக வேண்டிய எல்லாவற்றையும் தரையில் பரப்பி, டென்ட், அடுப்பு மாதிரிக் கூட்டுப் பொருட்களைக் குழுவில் பிரித்துக்கொண்ட பிறகு அளவைப் பாருங்கள், பெரும்பாலும் 55 முதல் 65 லிட்டருக்குள் வரும். அதற்கு மேல் வாங்கினால் காலி இடத்தில் எதையாவது திணிக்கத்தான் தோன்றும். பையின் மொத்த எடை உங்கள் உடல் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, 60 கிலோ இருப்பவருக்கு அது 15 கிலோ. டென்ட், பாயை வெளியே தொங்கவிடாதீர்கள், பிளேன் ஷாம்பெய்ன் பக்கம் சீனக் கொய்யாப் புதர் பாதையை நெருக்கும் இடங்களில் ஒவ்வொரு கிளையும் பிடித்து இழுக்கும். அங்கே மழையும் அதிகம். மழை உறை போட்டாலும் முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கும், அதனால் உள்ளே கனமான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத் துணியையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். கனமானவை முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும்.

நீங்கள் விருதுக்குப் பதிந்த மையத்தில் இரவல் பை கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம், முதுகு நீளத்தை மாற்ற முடிகிறதா, பக்கிள், ஜிப் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பயிற்சிப் பயணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பாரத்தோடு லெ பூஸ் மலை ஏறிவிடுங்கள். 812 மீட்டர்தான், ஆனால் எங்கே உரசுகிறது, எந்தப் பட்டை நழுவுகிறது என்று தெரிந்துவிடும். பட்டைகள் சரியான இடத்துக்கு வந்ததும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், பயணத்தில் விடியற்காலை இருட்டில் மாட்டும்போது உதவும்.